வாண்டுவின் மூக்குக்குள் என்ன முளைக்கிறது?

பிப்ரவரி 4

வேலை முடிந்து நேரே நூலகத்துக்குப் போனேன். அக்கா அங்கேதான் நூலகர். பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா மகள் வாண்டு அங்கே வந்து, சிறுவர் பகுதியின் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா வேலை முடிக்கும் வரை படிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. எட்டு வயது. படிப்பதைவிட இருமுவதுதான் அதிகம்.

இன்று நான் போன நேரத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் கன்றிப்போய், தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். சத்தமே வரவில்லை. சத்தம் வராமல் இருமக் கற்றுக்கொண்டிருக்கிறது அந்தக் குழந்தை! அப்படியும் செய்தித்தாள் மேசையிலிருந்து ஒரு பெரியவர் தலையைத் தூக்கி அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா தன் மேசையிலிருந்தபடியே மகளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அப்புறம் பையிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்து, ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள்.

"இது தூக்கம் வர்ற சிரப் ஆச்சே" என்றேன்.

"தூங்கினா இரும மாட்டா. உனக்கென்ன, நீ பார்க்குறது ஆராய்ச்சி. நான் ஊருக்கே வாயை மூடுன்னு சொல்ற வேலை பார்க்கிறேன். என் பொண்ணே இருமினா நான் யாரைப் போய் அதட்டுறது?"

 ஆய்வகத்தில் உடம்புச் செல்களோடு வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம், அதுகளுக்கு இருமல் வராது.

பிப்ரவரி 10

ஆஸ்பத்திரி. ஸ்கேன் படத்தில் வாண்டுவின் வலது நுரையீரலின் நடு மடல் சுருங்கிக் கிடக்கிறது. சளி அடைத்து அடைத்து அப்படி ஆகிவிட்டதாம்.

அறுவை டாக்டர் சுறுசுறுப்பான ஆள். "கெட்டுப்போன மடலை எடுத்துட்டா தீர்ந்தது. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. சின்னப் பொண்ணு, சீக்கிரம் ஆறிடும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெஞ்சு டாக்டர் அம்மா மெதுவாகத்தான் பேசினார். "இது சிலியா வேலை செய்யாத வியாதியா இருந்தா, இன்னிக்கு இந்த மடல் அடையும், நாளைக்கு அடுத்த மடல் அடையும். எத்தனையை வெட்டுவீங்க? அது இல்லைன்னு தெரிஞ்சா வெட்டுறதுதான் நல்லது. முதல்ல பார்த்துடுவோம்."

அக்கா என் பக்கம் திரும்பி, "சிலியான்னா என்ன? நீ அதைத்தானே பார்க்கிற?" என்றாள்.

அதைத்தான் பார்க்கிறேன். நாலு வருஷமாக. மூக்கிலும் மூச்சுக்குழலிலும் ஒவ்வொரு செல்லின் தலையிலும் இருநூறு போல நுண்ணிய இழைகள் இருக்கும், எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக அடித்துச் சளியை மேலே கூட்டித் தள்ளும், வீடு பெருக்குகிற மாதிரி — என்று சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "எட்டு வருஷமா இவ இருமிட்டிருக்கா. உனக்கு ஒரு நாள்கூடத் தோணலையா?" என்றாள்.

நெஞ்சு டாக்டர்தான் என்னைக் காப்பாற்றினார். இந்த வியாதியில் பாதிப் பேருக்கு இதயம் வலது பக்கம் இடம் மாறி இருக்கும், அவர்கள் சீக்கிரம் மாட்டிக்கொள்வார்கள், வாண்டுவுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்றார். எனக்கு என்னவோ அது போதவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதையே வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன்.

பிப்ரவரி 13

மூக்குக்குள் சின்ன பிரஷ் விட்டுச் செல்களை எடுத்தார்கள். வாண்டு, "பல்லுக்குத்தானே பிரஷ்?" என்று கேட்டுவிட்டு, எடுத்து முடித்ததும் நர்ஸை முறைத்தாள்.

எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. மைக்ராஸ்கோப்பில் ஆய்வகத் தலைவியே பார்த்தார். (முன்னால் மேடம், பின்னால் தலைவி.) ரொம்ப நேரம் பார்த்தார். அங்கங்கே நாலு இழை, அதுவும் அசையவில்லை, பல செல் மொட்டை. "இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய சளி, கிருமி எல்லாம் சேர்ந்து இழைகளை உரிச்சுப் போட்டிருக்கலாம். வியாதியாவும் இருக்கலாம். செல்லை வளர்த்து, புதுசா முளைக்க விட்டுத்தான் பார்க்கணும்."

அடுத்த வாக்கியத்தையும் சொன்னார். "நீ இதைத் தொடக் கூடாது. உன் வீட்டுப் பிள்ளை. கை நடுங்கும், இல்லைன்னா கண்ணு பொய் சொல்லும்."

நியாயம்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பக்கத்துப் பிரிவிலிருந்து மணிக்கூண்டைக் கூப்பிட்டு அவரிடம் ஒப்படைத்தார்கள். உயரத்துக்காக வந்த பெயர். அவர் வருகிறபோது கதவே கொஞ்சம் பயப்படும். ஏழு வருஷமாகச் சிறுநீரகச் செல்களை வளர்க்கிறார், கை சுத்தம், செல்கள் வளரும் இன்குபேட்டருக்கு முன்னால் நின்று முணுமுணுவென்று பாடுவார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல மூக்கும் வேண்டுமே? அதையும் அவரே கொடுத்தார். "என் மூக்கு எப்பவும் சும்மாதான் இருக்கு" என்றார்.

பிப்ரவரி 22

தட்டில் செல்கள் பெருகுகின்றன. வாண்டுவுடையதும் சரி, மணிக்கூண்டுடையதும் சரி, எல்லாம் மொட்டை. இருந்த இழையையும் உதிர்த்துவிட்டன.

அக்காவுக்கு போனில் இதைச் சொல்லப்போய் வம்பாகிவிட்டது. "இருந்த நாலும் போச்சா?" என்று பதறினாள். அப்படித்தான் ஆகும் என்று விளக்கினேன். செல்லுக்குள் குட்டிக் குட்டி உருளைகள் உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது அதுதான் ஆள் நின்று பங்கு பிரிக்கும். இழை முளைக்கவும் அதேதான் அடித்தளம். ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்க முடியுமா? பெருகுகிற வரைக்கும் இழை கிடையாது. பெருக்கத்தை நிறுத்தி, "சரி, இனிமேல் நான் இதுதான்" என்று செல் முடிவுக்கு வந்தால்தான் முளைக்கும்.

"அது எப்போ முடிவுக்கு வரும்?"

"காத்து பட்டா."

அக்கா போனை வைத்துவிட்டாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். உண்மையைத்தான் சொன்னேன்.

மிச்சச் செல்களை நாலு குப்பியில் போட்டு உறைய வைத்தார்கள்.

மார்ச் 3

இன்று காற்று. அடியில் சல்லடை போல நுண்துளை வைத்த சின்னக் கிண்ணங்களில் செல்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. மேலே இருந்த ஊட்ட நீரை — நாங்கள் மீடியம் என்போம் — தலைவி எடுக்கச் சொன்னார், மணிக்கூண்டு எடுத்தார். இனிமேல் சாப்பாடு அடியிலிருந்து மட்டும். தலைக்கு மேல் வெறும் காற்று. மூக்குக்குள் இருப்பது போலவே.

தெரிந்ததுதான், நூறு முறை செய்ததுதான். ஆனால் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும், "ஐயோ, காய்ஞ்சு கிடக்கே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மணிக்கூண்டு பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

மார்ச் 12

ஒன்றுமில்லை. இன்னும் நாள் இருக்கிறது.

மார்ச் 20

மணிக்கூண்டின் கிண்ணத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாக முளைத்திருக்கிறது. வாண்டுவின் கிண்ணம் ஈரமாக இருக்கிறது, ஒன்றும் முளைக்கவில்லை. "கீழேயிருந்து ஊறுது. செல்கள் நெருங்கி ஒட்டலை போல" என்றார் தலைவி. குறித்துக்கொண்டார். அவர் குறிக்கிற பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29

நூலகத்தில் வாண்டு கேட்டாள்: "சித்தி, என் மூக்கு முடி முளைச்சிடுச்சா?"

"முடி இல்லடா, இழை."

"சரி, அது முளைச்சிடுச்சா?"

"வந்துட்டே இருக்கு."

பொய்.

ஏப்ரல் 7

தீர்ப்பு வந்துவிட்டது. மணிக்கூண்டின் செல்கள் தலை நிறைய இழையோடு அடித்துத் தள்ளுகின்றன. வாண்டுவுடையது ஐந்து வாரம் ஆகியும் மொட்டை. இழையே உண்டாகாத வகை வியாதி என்கிறார் தலைவி. அபூர்வமானதாம். எங்கள் குடும்பத்துக்கு இந்தப் பெருமை வேறு.

நெஞ்சு டாக்டரிடம் போனில் வாய்வார்த்தையாகச் சொல்லியாயிற்று. எழுத்தில் வந்ததும் மருந்து மாற்றங்களைப் பேசலாம், அறுவை இப்போதைக்கு வேண்டாம் என்றார். அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். "வெட்ட மாட்டாங்கதானே?" என்று மட்டும் கேட்டாள். மாட்டார்கள் என்றதும் அப்படியே கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போனாள், விளக்கைக்கூட அணைக்காமல். நான்தான் வாண்டுவுக்குச் சாப்பாடு போட்டேன்.

இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? வாழ்நாள் முழுக்க விடாத வியாதி. ஆனால் மடல் பிழைத்தது. சிரிக்கவா அழவா என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஏப்ரல் 9

 எப்படியாவது எழுதிவிடுகிறேன்.

டீ குடிக்கும்போது மணிக்கூண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல. பேச்சுவாக்கில் நான், "அப்படி என்னதான் ஊறிச்சோ கீழேயிருந்து, ஒட்டவே இல்லையே" என்றேன்.

"ஊறலைங்க. நான்தான் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம் கிளம்பும்போது மேல கொஞ்சமா மீடியம் விட்டுட்டுப் போவேன்."

என்ன சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

"நீங்க அன்னிக்குக் காய்ஞ்சு கிடக்கேன்னு கண் கலங்கினீங்களே. பச்சைப் பிள்ளையோட செல்லு. எங்க பக்கம் சிறுநீரகச் செல்லுக்கு மேல தண்ணி இல்லைன்னா அரை நாள்ல செத்துடும். மேடம் எடுன்னாங்க, எடுத்தேன். திருப்பி விடாதேன்னு யாரும் சொல்லலியே."

"உங்க மூக்குக்கும் விட்டீங்களா?"

"என்னோடதுதானே, காய்ஞ்சா காயட்டும்னு விட்டுட்டேன்."

காய விட்ட செல் முளைத்தது. அன்பாகப் பார்த்துக்கொண்ட செல் மூழ்கியது. அவர் முகத்தில் நன்றியை எதிர்பார்க்கிற மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு வேறு இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. "தப்புப் பண்ணிட்டேனா?" என்றார். அவரை எப்படித் திட்டுவது? காய்ஞ்சு கிடக்குன்னு சொன்னது நான். என் வாய்தான் அந்தக் கிண்ணத்துல தண்ணி ஊத்தியிருக்கு.

அப்போ வாண்டுவுக்கு வியாதி இருக்கா இல்லையா? தெரியாது. ஒண்ணுமே தெரியாது. ரெண்டு மாசம் முன்னாடி எங்க நின்னோமோ அங்கேயே நிக்கிறோம்.

ஏப்ரல் 10

காலையில் ஒரு கெட்ட புத்தி வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? வியாதி என்று சொல்லியாயிற்று. அறுவை நின்றுவிட்டது. மடல் பத்திரம். வாயைத் திறந்தால் மறுபடி கத்தி வரும். சொல்லிவிட்டு அந்த மடலை நானே தட்டில் வைத்துக் கொடுப்பதா? ஆனால் வியாதி இல்லையென்றால் — வெறும் பழைய அடைப்புதான் என்றால் — வெட்டுவதுதான் அவளுக்கு நல்லது என்று அதே நெஞ்சு டாக்டர்தானே சொன்னார். வெட்டாமல் விட்டால் அந்த மடலில் சீழ் பிடித்து மற்றதையும் கெடுக்கும். இல்லாத வியாதிக்கு ஆயுள் முழுக்க மருந்து. சொன்னால் ஒரு வினை, சொல்லாவிட்டால் ஒரு வினை. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுடுகிறது.

மத்தியானம் வரை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்துவிட்டு, தலைவி அறைக்குப் போனேன். வாசலில் மணிக்கூண்டு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாகவே உள்ளே போனோம்.

தலைவி கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஈரத்தைப் பார்த்துட்டு, ஊறுதுன்னு கதை கட்டினது நான். மேல யாராவது விட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்கலை" என்றார். பிறகு டாக்டர்களுக்குப் போன் செய்து, சொன்ன முடிவு செல்லாது என்று தெரிவித்துவிட்டு, உறைய வைத்த குப்பிகளை எடுக்கச் சொன்னார். இந்த முறையும் மணிக்கூண்டுதான் என்றார். எனக்கே ஆச்சரியம். "இனிமே இவரைவிட ஜாக்கிரதையா யார் இருப்பாங்க?"

ஏப்ரல் 11

அக்காவிடம் சொன்னேன். சமையலறையில், நின்றபடியே.

"அப்போ வியாதி இல்லையா?"

"அதுவும் தெரியாது."

"இருக்கா?"

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்?"

கரண்டியைப் போட்ட சத்தத்தில் வாண்டு எழுந்து வந்துவிட்டாள். வந்ததும் இருமல். அக்கா வழக்கம் போலச் சிரப்பை ஊற்றினாள், மூடி வழிந்தது. அறுவைக்குத் தேதி போட்டுவிட்டார்கள், ஜூன் 16. அதற்குள் பதில் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள் என்று தலைவியிடம் சொன்னாராம் அறுவை டாக்டர்.

ஏப்ரல் 25

அக்கா பேசவில்லை. வாண்டு மட்டும் பேசினாள், திருட்டுத்தனமாக. "சித்தி, அம்மா உன்கூட டூவாம். நான் இல்லை."

மே 2

மறுபடி காற்று. இன்குபேட்டர் கதவில் மணிக்கூண்டு பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "மேலே விடாதே." கீழே சின்னதாக, "நானும்தான்."

நான் அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டேன். போனால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன்.

மே 14

ஒன்றுமில்லை. காய்ந்து கிடக்கிறதாம். நல்லது.

மே 23

முளைத்துவிட்டது!!

மணிக்கூண்டு ஓடி வந்து கூப்பிட்டார். நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டார், அதைக்கூடத் தடவவில்லை. தலைவி அனுமதித்தார், பார்த்தேன். வாண்டுவின் செல்கள். மொட்டை இல்லை.

நாலு வருஷமாகப் பார்க்கிற விஷயம்தான், ஆனால் இன்று முதல்முறையாகப் பார்ப்பது போல இருந்தது. செல்லுக்குள்ளே நூற்றுக்கணக்கில் அந்தக் குட்டி உருளைகள் புதிதாக உண்டாகும். ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்து, செல்லின் கூரைக்கு அடியில் இடம்பிடித்துக் காலை ஊன்றிக்கொள்ளும். அதன்மேல் இழை எழும்பும். இழைக்குத் தன்னால் எதையும் செய்துகொள்ள முடியாது, எல்லாச் சாமானும் செல்லின் வயிற்றில்தான் தயாராக வேண்டும். அதைச் சுமை சுமையாக இழைக்குள் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய் அடுக்குவார்கள், வெறுங்கையோடு இறங்கி வருவார்கள் — ஆட்கள் மாதிரி எழுதுகிறேன், ஆட்கள் இல்லை, புரதங்கள் — மறுபடி ஏற்றுவார்கள். அடியிலிருந்து அல்ல, உச்சியில்தான் வளரும். இவ்வளவும் அந்த எட்டு வயசுக் குழந்தையின் செல் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறது. நாங்கள் செய்ததெல்லாம் தொடாமல் இருந்தது ஒன்றுதான்.

மே 24

நான் ஒரு அவசரக்குடுக்கை. காலையிலேயே அக்காவுக்கு போன் செய்து, "முளைச்சிடுச்சுக்கா" என்றேன். ஆறு வாரத்துக்குப் பிறகு பேசுகிறோம். அந்தப் பக்கம் அழுகை. நானும் அழுதேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா கேட்டாள்:

"அப்போ வியாதி இல்லை. அப்போ... வெட்டிடலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், அப்படித்தானே ஆகிறது? எதற்காக இவ்வளவு துள்ளினேன்? முளைத்தால் வியாதி இல்லை, வியாதி இல்லையென்றால் கத்தி. முளைக்கவில்லையென்றால் மடல் பத்திரம், வியாதி ஆயுளுக்கும். நான் எதைக் கேட்டுத் தினமும் மனசுக்குள் கும்பிட்டேன் என்றே தெரியவில்லை. "பொறுக்கா, இன்னும் முடியலை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 30

அசையவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. தலை நிறைய இழை, நல்ல நீளம், நெருக்கம். ஆனால் நிற்கிறது. உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கிப் பார்த்தார்கள். மூன்று கிண்ணத்திலும் பார்த்தார்கள். இரண்டு பேர் செல்கள் மேலும் பொடி மணிகளைத் தூவினார்கள். மணிக்கூண்டின் செல்கள் அவற்றை ஒரு பக்கமாக உருட்டிக்கொண்டே போய்ப் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டன. வாண்டுவுடையதில் போட்ட மணி போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

"தூங்குதோ?" என்றார் மணிக்கூண்டு. தலைவி மறுபடி குனிந்து பார்த்தார். மணிக்கூண்டு என் பக்கம் திரும்பி, "இந்தத் தடவை நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்றார். "தெரியும்" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, ஆனால் கையுறை போட்டிருந்தார்.

ஜூன் 4

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் வந்தது. இழையைக் குறுக்கே வெட்டினால் வட்டமாக ஒன்பது ஜோடிக் குழல், நடுவில் இரண்டு. எல்லாம் இருக்கிறது. அந்த ஜோடிகளிலிருந்து பக்கத்து ஜோடியைப் பிடித்து இழுக்கச் சின்னச் சின்னக் கைகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் இல்லை. கை இல்லாததால் இழுக்க முடியவில்லை, இழுக்காததால் வளைய முடியவில்லை. படம் படமாகப் புரட்டினேன். எதிலும் இல்லை.

"கட்டடம் முழுசா எழும்பியிருக்கு. வேலை பார்க்க ஆள் இல்லை" என்றார் தலைவி. கையெழுத்துப் போட்டார்.

ஆக, வியாதிதான். அன்று தப்பான வழியில் போய்ச் சரியான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறோம். அப்படியென்றால் நான் ஏப்ரலில் வாயைத் திறந்தது எதற்கு? அக்காவின் தூக்கத்தைக் கெடுத்ததுதான் மிச்சமா? மணிக்கூண்டிடம் கேட்டேன். "இல்லைங்க. அன்னிக்குத் தெரியாம சொன்னோம். இன்னிக்குத் தெரிஞ்சு சொல்றோம்" என்றார். அவருக்கு எல்லாம் சுலபமாகப் புரிந்துவிடுகிறது. எனக்குத்தான் இன்னும் பாதி புரியவில்லை.

ஜூன் 6

நெஞ்சு டாக்டரிடம் அக்காவோடு நானும் போனேன். அறுவை கிடையாது. முடிந்தது. அக்கா நாற்காலியின் கைப்பிடியை விட்டாள்.

அதன் பிறகு அந்த அம்மா சிரப்பைப் பற்றிக் கேட்டார். எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்று. அக்கா சொன்னாள்.

"அதை இன்னிக்கே நிறுத்திடுங்க. மத்தவங்களுக்கு இழை கூட்டித் தள்ளிடும். இவளுக்கு அது கூட்டாது. இவகிட்ட இருக்கிற ஒரே துடைப்பம் இருமல்தான். அதை அடக்கக் கூடாது. ஓடட்டும், குதிக்கட்டும், நல்லா இருமித் துப்பட்டும். காலையும் சாயங்காலமும் முதுகைத் தட்டி விடுங்க, உள்ளங்கையைக் குவிச்சு, இப்படி."

திட்டும் தொனியில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக உறைத்திருக்கும்.  வீட்டுக்கு வந்ததும் அக்கா சிரப் பாட்டிலைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். எல்லாம் போன பிறகும் குழாயை மூடவில்லை.

"நான்தான் அடைச்சிருக்கேன். உதட்டுல விரலை வச்சு வச்சு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுக்க இல்லையா? கொஞ்சம் ஆமாமா? சிரப் இல்லாவிட்டாலும் அடைத்திருக்கும். கொஞ்சம் தள்ளி அடைத்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? மணிக்கூண்டு செய்ததும் இதேதானே, பாவம் என்று நினைத்துத்தானே. அதைச் சொன்னால் அக்காவுக்கு ஆறுதலா, இன்னும் குத்தலா என்று தெரியாமல் நான் போய்க் குழாயை மூடினேன்.

ஜூன் 16

இன்று வெட்டியிருக்க வேண்டிய நாள். வாண்டு கயிறு தாண்டிக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சண்டை போட்டார்.

ஜூன் 28

அக்காவுக்கு இன்னும் முதுகு தட்டச் சரியாக வரவில்லை, பூவைத் தட்டுகிற மாதிரி தட்டுகிறாள். "இன்னும் பலமாம்மா, நான் உடைய மாட்டேன்" என்கிறாள் வாண்டு. வீட்டில் இருமுகிறாள். வெளியே போனால் கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், நூலகத்தில் அதே ஊமை இருமல். எட்டு வருஷப் பழக்கம் ஒரு மாதத்தில் போகுமா? போகச் சொல்லி அக்காவும் வெளியில் எங்கேயும் சொல்வதில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாள். நானும் சொல்லவில்லை. ஒரு முறை வாய் விட்டது போதாதா?

ஜூலை 12

சனிக்கிழமை. நூலகத்தில் நல்ல கூட்டம், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். நான் இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றேன். அக்கா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

மூலை நாற்காலியில் வாண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. செய்தித்தாள் மேசையில் அதே பெரியவர், அதே மாதிரி தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார்.

அக்காவின் கை மேலே போனது. உதட்டுக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். பாதியில் நின்றது. முத்திரையை வைத்துவிட்டு எழுந்தாள். வரிசையில் இருந்த எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு, செருப்புச் சத்தம் கேட்க அந்த நீளமான அறையைக் கடந்து போய், மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"வாயிலேருந்து கையை எடு."

நூலகத்துக் குரல் இல்லை அது. வீட்டுக் குரல். வாண்டு பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தாள்.

"அவங்களைப் பார்க்காதே. என்னைப் பாரு. எடு கையை. நல்லா இருமு."

வாண்டு இருமினாள். முதலில் சின்னதாக. அக்கா உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டினாள், பலமாகவே. அடுத்தது அலமாரிகளெல்லாம் கேட்கிற மாதிரி வந்தது. அறையே திரும்பியது. பெரியவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் சத்தமாத்தாங்க இருக்கும்" என்றாள் அக்கா அவரிடம், தட்டுவதை நிறுத்தாமல். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."